சுகாதாரப் பாடம் எடுக்கும் ஆசிரியருக்கு என்ன வேண்டும்? கொழும்பில் கற்பிப்பவர்கள், பெற்றோர், பிள்ளைகள் சொல்லுங்கள்

கொட்டாஞ்சேனை மிஸ்

எல்லோருக்கும் வணக்கம். நான் தமிழ்ப் பாட ஆசிரியை. இந்தத் தவணை முதல் தரம் 7, 8, 9 வகுப்புகளுக்குச் சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்தையும் என் நேரசூசியில் சேர்த்திருக்கிறார்கள். மைதானத்து வேலையைப் பார்க்க ஒரு சேர் இருக்கிறார். சுகாதாரப் பகுதி முழுக்க என் பொறுப்பு.

பாடநூலும் ஆசிரியர் வழிகாட்டியும் கையில் இருக்கின்றன. படித்து விளங்கிக்கொள்வதில் சிரமம் இல்லை. வகுப்பில் நின்று சொல்வதுதான் யோசனையாக இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் ஜம்பட்டா வீதி, புளூமெண்டால், முகத்துவாரம் பக்கமிருந்து வருகிறவர்கள். ஒரே அறையில் குடும்பம் முழுவதும் படுத்து எழும்பும் வீட்டுப் பிள்ளையும், வானில் டியூஷனுக்குப் போய்வரும் பிள்ளையும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருக்கிறார்கள். பூப்படைதல் பற்றிய பகுதி வந்தபோது முன்பு எடுத்தவர்கள் “அதை வீட்டில் வாசித்துவிட்டு வாருங்கள்” என்று பக்கத்தைத் திருப்பிவிட்டதாகப் பிள்ளைகளே சொல்கிறார்கள்.

இந்தப் பாடம் எடுப்பவருக்கு என்ன திறமை, என்ன குணம் வேண்டும்? பட்டறைகளில் போர்டில் எழுதும் பட்டியல் எனக்குத் தெரியும். எடுத்துப் பழகியவர்களும், பெற்றோரும், இந்தப் பாடத்தைப் படித்து வெளியே வந்தவர்களும் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற ஆசிரிய ஆலோசகர்

பிள்ளை, நல்ல கேள்வி. பல வருடம் பாடசாலை பாடசாலையாகப் போய் வகுப்புகளின் பின்வரிசையில் இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இந்தப் பாடத்தில் தோற்றவர்கள் அறிவு போதாமல் தோற்கவில்லை. பிள்ளைகள் அவர்களிடம் ஒன்றும் கேட்காததால் தோற்றார்கள். கணிதத்தில் பிள்ளை கேட்காவிட்டாலும் விடைத்தாளில் பிழை தெரிந்துவிடும். சுகாதாரத்தில் பிள்ளை கேட்காத கேள்வி எந்தத் தாளிலும் வராது. ‘மாதவிடாய் என்றால் என்ன’ என்பதற்கு முழுப் புள்ளி எடுத்த பிள்ளைக்கு, தனக்கு இரண்டு மாதமாக ஏன் வரவில்லை என்று கேட்க ஆள் இருக்காது.

ஆகவே முதலாவது, பிள்ளை வந்து கேட்கக்கூடிய ஆளாக இருப்பது. மற்றத் திறமைகள் எல்லாம் அதன் பின்னால்தான்.

அதைப் பழகலாம். பாடத்துக்கு முதல் நாள் வீட்டில் தனியாக இருக்கும்போது மாதவிடாய், விந்து, ஆண்குறி, யோனி என்ற சொற்களை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். குரல் தாழாமல், முகம் மாறாமல் சொல்ல வரும்வரை சொல்லுங்கள். நாங்கள் குரலைத் தாழ்த்தும் இடத்தில்தான் வகுப்பு சிரிக்கத் தொடங்கும். சுவாசப்பை என்று சொல்லும் அதே குரலில் சொன்னால் முதல் ஐந்து நிமிடம் சிரிப்பார்கள், அப்புறம் சரியாகிவிடும்.

தெரியாத கேள்வி வரும், கட்டாயம் வரும். “எனக்கு இப்போது தெரியாது, கேட்டுக்கொண்டு அடுத்த பாடவேளையில் சொல்கிறேன்” என்று சொல்லுங்கள். சொன்னபடி அடுத்த பாடவேளையில் பிள்ளை நினைவூட்டுவதற்கு முன்பே அதை எடுங்கள். ஒரு தடவை மறந்தால் அடுத்த கேள்வி வராது.

மட்டக்குளி பி.எச்.ஐ.

சேர் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஆனால் அறிவு இரண்டாம் பட்சம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களான நாங்கள் பாடசாலைக்குப் போகும்போது பிள்ளைகள் நுனிநாக்கில் சொல்வதில் பாதி சரி, பாதி ஆபத்தான அரைகுறை.

டெங்கை எடுங்கள். 2017இல் நாடு முழுவதும் ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரத்துக்கு மேல் சந்தேக நோயாளர்கள் பதிவானார்கள், கொழும்பு மாவட்டம்தான் அதிகம். அதற்குப் பிறகு ‘தண்ணீர் தேங்க விடக்கூடாது’ என்று எந்தப் பிள்ளையும் சொல்லும். சரி, காய்ச்சல் விட்ட பிறகு என்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். “மிஸ், சுகமாகிவிட்டது, ஸ்கூலுக்கு வரலாம்” என்பார்கள். டெங்கில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் கவனிக்க வேண்டிய நேரம். இரத்தக் குழாயிலிருந்து திரவம் கசிவது அப்போதுதான் தொடங்கும். வயிற்றுவலி, விடாத வாந்தி, கை கால் குளிர்தல், சிறுநீர் குறைதல், இவற்றில் ஒன்று கண்டாலும் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். பரசிட்டமோல் தவிர அஸ்பிரின், இபுபுரோஃபன் போன்றவை கொடுக்கக் கூடாது. இதைத் தரம் 7 பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தால் அது வீட்டில் அம்மம்மாவுக்குச் சொல்லும். எங்கள் துண்டுப்பிரசுரம் நுழையாத வீட்டுக்குள் பிள்ளை நுழையும்.

இன்னொன்று, நுளம்பைப் பற்றிப் பாடம் எடுக்கிறவர் பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போகத் தெரிந்தவராக இருக்க வேண்டும். ஒரு டோர்ச், ஒரு வெள்ளைக் கோப்பை போதும். கூரைப் பீலி, கன்டீன் குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, தண்ணீர்த் தாங்கியின் மூடி, வாழை இலையின் மடல், பூச்சாடித் தட்டு. கோப்பையில் அள்ளி வெளிச்சத்தில் பிடித்தால் குடம்பி நெளிவது தெரியும். தன் கண்ணால் ஒரு தடவை பார்த்த பிள்ளை சாடியைக் கவிழ்ப்பதோடு நிற்காது. உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்பதும் அதற்கு விளங்கும், ஏனென்றால் முட்டை காய்ந்த சுவரில் மாதக்கணக்கில் கிடக்கும்.

நாங்கள் தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்குப் பாடசாலை மருத்துவப் பரிசோதனை செய்ய வருவோம். அந்த நாளில் எங்களுக்கு வேண்டியது கவனித்துப் பார்க்கும் ஆசிரியர். கரும்பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்கும் பிள்ளை, பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதும் பிள்ளை, கூப்பிட்டால் ஒரு பக்கம் மட்டும் திரும்பும் பிள்ளை. நாங்கள் சில நிமிடம்தான் பார்ப்போம், நீங்கள் வருடம் முழுவதும் பார்க்கிறீர்கள்.

தெகிவளை அப்பா

இரண்டு பிள்ளைகளின் அப்பா. மகள் தரம் 8, மகன் தரம் 6.

மேலே சொன்னது எல்லாம் நல்லது. ஒரு பெற்றோரின் யோசனையையும் கேளுங்கள். எங்கள் வீட்டில் இந்த விஷயங்கள் வெளிப்படையாகக் கதைக்கும் வழக்கம் இல்லை. அது பிழை என்று சொல்வீர்கள். எங்களை எங்கள் பெற்றோர் அப்படித்தான் வளர்த்தார்கள். என் மகள் வகுப்பில் ஆண் பிள்ளைகளுக்கு நடுவில் இருந்து மாதவிடாய் பற்றிய பாடம் கேட்பதை நினைத்தால் எனக்குச் சங்கடம். பெண் பிள்ளைகளுக்கு ஒரு டீச்சரும் ஆண் பிள்ளைகளுக்கு ஒரு சேரும் தனித்தனியாகச் சொல்லக் கூடாதா?

அதோடு ஆசிரியருக்குப் பெற்றோரோடு கதைக்கும் திறமையும் வேண்டும். இந்த வாரம் இதைப் படிப்பிக்கப் போகிறோம் என்று ஒரு கடிதம் முன்கூட்டியே வந்தால் நாங்களும் தயாராவோம். பிள்ளை வந்து திடீரென்று கேட்டால் நான் அதட்டிவிடுவேன். அதட்டக் கூடாது என்று எனக்கே தெரியும்.

வார்டு தாதி

அண்ணா, நீங்கள் இதைத் திறந்து எழுதியதற்கு நன்றி. கடிதம் அனுப்புவது அருமையான யோசனை. தனித்தனி வகுப்பு விஷயத்தில் மட்டும் நான் உடன்படவில்லை.

வெள்ளவத்தையில் ஹோல் எடுத்து, மேடை போட்டு, வீடியோ அல்பம் எல்லாம் செய்து சாமத்தியச் சடங்கு வைக்கிறோம். ஊர் முழுக்கச் சொல்லி அழைக்கிறோம். அந்தப் பிள்ளையை ஒரு மூலையில் இருத்தி, உன் உடம்பில் என்ன நடக்கிறது, எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும், எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை பேட் மாற்ற வேண்டும், எவ்வளவு வலி வந்தால் வைத்தியரிடம் போக வேண்டும் என்று சொல்கிறவர்கள் எத்தனை பேர்? தனக்கு ஏதோ பெரிய நோய் என்று பயந்து ஒருவரிடமும் சொல்லாமல் இருந்த பிள்ளைகளை நான் என் வேலையில் சந்தித்திருக்கிறேன். சடங்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சடங்குக்கு முன்னால் பாடம் வர வேண்டும். சில பிள்ளைகள் தரம் 5, 6இலேயே பூப்படைகிறார்கள். தரம் 8இல் சொன்னால் அவர்களுக்குப் பிந்திவிட்டது.

ஆண் பிள்ளைகளைப் பற்றி. சீருடையில் கறை பட்ட பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பவர்கள் யார்? ஒன்றும் தெரியாதவர்கள்தான். தெரிந்த பெடியன் தன் ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுப்பான். அவனுக்கும் குரல் உடைகிறது, இரவில் உடம்பில் ஏதேதோ நடக்கிறது. அதைப் பற்றி அவனிடம் யாரும் கதைப்பதே இல்லை. ஃபோனில் பார்த்துத் தெரிந்துகொள்கிறான், அங்கே எதைப் பார்க்கிறான் என்று நமக்கே தெரியும்.

ஓய்வுபெற்ற ஆசிரிய ஆலோசகர்

அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, தாதி சொல்வதிலும் இருக்கிறது. என் அனுபவத்தில் சரிவந்த ஒரு முறை: முதல் பாடவேளை தனித்தனியாக, கேள்விகளுக்கு மட்டும். அடுத்த பாடவேளை எல்லோரும் ஒன்றாக, பாடநூலில் உள்ள உள்ளடக்கம். தனியாக இருந்தபோது கேட்டு முடித்ததால் ஒன்றாக இருக்கும்போது பிள்ளைகள் நெளிய மாட்டார்கள். வகுப்பறை வசதி இல்லாத பாடசாலையில் ஒரு தொகுதியை மைதானத்துக்கு அனுப்பலாம். இதே பாடத்தின் மறுபாதி அங்கேதான் இருக்கிறது.

கிராண்ட்பாஸ் கணித சேர்

மன்னிக்கவும், நான் கொஞ்சம் மாற்றுக் கருத்துச் சொல்லப் போகிறேன். ஆசிரியர் தாதியாக இருக்க வேண்டும், பி.எச்.ஐ.யாக இருக்க வேண்டும், அம்மாவாக இருக்க வேண்டும், உளவள ஆலோசகராக இருக்க வேண்டும். ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள். யாருக்கு நேரசூசியில் இடம் இருக்கிறதோ அவருக்குத்தான் சுகாதாரம் போகிறது. மிஸ் தமிழ்ப் பாட ஆசிரியை என்று தானே சொல்லியிருக்கிறார். குணம் திறமை என்று கதைப்பதற்கு முன்னால் தேசிய கல்வியியற் கல்லூரியில் இந்தப் பாடத்துக்கென்றே பயின்றவரை நியமிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இருப்பவருக்கு ஒழுங்கான சேவைக்காலப் பயிற்சி கொடுக்கச் சொல்லுங்கள்.

பரீட்சை நெருங்கும்போது சுகாதாரப் பாடவேளையைக் கணிதத்துக்குத் தாருங்கள் என்று கேட்பதும் நாங்கள்தான். அதிபர்களும் கொடுக்கிறார்கள், பெற்றோரும் சந்தோஷப்படுகிறார்கள்.

வார்டு தாதி

சேர், கடைசிப் பத்தியில் நீங்களே எழுதியதைக் கவனியுங்கள். தரம் 6 முதல் 9 வரைதான் இந்தப் பாடம் எல்லோருக்கும் கட்டாயம். சாதாரண தரத்துக்கு அது தெரிவுப் பாடம். ஐ.சி.டி., விவசாயம் என்று வேறொன்றை எடுத்த பிள்ளைக்குத் தரம் 9ஓடு சரி. இருக்கும் அந்த நாலு வருடத்திலும் பாடவேளையை எடுத்துக்கொண்டால் அந்தப் பிள்ளை எங்கே போய்ப் படிக்கும்?

கிராண்ட்பாஸ் கணித சேர்

அதை ஏற்றுக்கொள்கிறேன். இனி நான் கேட்க மாட்டேன். பயிற்சி வேண்டும் என்று சொன்னதில் மட்டும் மாற்றமில்லை.

உயர்தர மாணவி

நான் தரம் 13. உங்கள் பதிவுகள் எல்லாம் வாசித்தேன். பெரியவர்கள் நடுவில் எழுதலாமா என்று தெரியவில்லை, ஆனால் மிஸ் பிள்ளைகளையும் கேட்டிருந்தார்.

எங்களுக்கு வந்த ஆசிரியர்களில் ஒருவர் எடை பார்க்கும் நாளில் ஒவ்வொருவரின் நிறையையும் உரத்துச் சொல்வார், இன்னொரு பிள்ளை கொப்பியில் எழுதும். அதோடு “கொஞ்சம் சாப்பாட்டைக் குறை” என்று ஒரு வார்த்தை. என் தோழி அன்றிலிருந்து காலையில் சாப்பிடாமல் வருவாள், காலைக்கூட்டத்தில் மயங்கி விழுந்தும் இருக்கிறாள். அவளுடைய நிறை அவளுடைய உயரத்துக்குச் சரியானது என்று பின்னால் வேறொரு டீச்சர்தான் அட்டவணையைக் காட்டிச் சொன்னார்.

அந்த இரண்டாவது டீச்சரைப் பற்றித்தான் எழுத வந்தேன். வகுப்பு அலுமாரியின் கீழ் லாச்சியில் ஒரு பழைய பிஸ்கட் டின் வைத்திருப்பார். அதற்குள் பேட், ஒரு கறுப்பு பேக், பழைய செய்தித்தாள், இரண்டு சேஃப்டி பின். தவணையின் முதல் நாள் எல்லோருக்கும் முன்னால், ஆண் பிள்ளைகளும் இருக்கும்போதுதான், “இது இங்கே இருக்கிறது, தேவையானவர்கள் எடுக்கலாம், என்னிடம் கேட்கத் தேவையில்லை” என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் கதைத்ததே இல்லை. யார் எடுத்தது என்றும் பார்த்ததில்லை. டின் குறைந்தால் நிரம்பியிருக்கும். சில நாள் பிள்ளைகளே வீட்டிலிருந்து கொண்டுவந்து வைப்பார்கள்.

அவரிடம் நாங்கள் எல்லாம் கேட்போம். ஏனென்று யோசித்தால், நாங்கள் சொன்ன எதுவும் ஸ்டாஃப் ரூமில் கேட்டதில்லை. வேறு மிஸ்மாரிடம் காலையில் சொன்னது இன்டர்வலுக்குள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

மட்டக்குளி பி.எச்.ஐ.

தங்கச்சி, நிறை உரத்துச் சொன்னது பிழை. எடை, உயரம் பார்க்கும்போது ஒரு பிள்ளை, ஒரு அளவு, ஒரு தாள் என்றுதான் இருக்க வேண்டும். இதை அடுத்த தடவை நானே பாடசாலைகளில் சொல்வேன்.

கொட்டாஞ்சேனை மிஸ்

தங்கச்சி, அந்த டின்னை நாளைக்கே வைக்கிறேன். மிக்க நன்றி.

ஒரு கேள்வி மனதில் இருக்கிறது. பிள்ளை கேட்கக்கூடிய ஆளாக இருங்கள் என்று எல்லோரும் சொல்கிறீர்கள். அப்படி இருந்தால் பாடத்துக்கு வெளியே உள்ளதையும் கொண்டுவரும். வீட்டில் அடிக்கிறார்கள், ஒரு சொந்தக்காரர் தொடுகிறார், வாழவே பிடிக்கவில்லை என்று ஒரு பிள்ளை வந்து சொன்னால்? “யாருக்கும் சொல்ல வேண்டாம் மிஸ்” என்று கேட்டால் சத்தியம் செய்வதா?

ஆலோசனை வழிகாட்டல் டீச்சர்

மிஸ், சத்தியம் செய்யாதீர்கள். இது இந்த இழையில் இருக்கும் எல்லாவற்றையும் விட முக்கியம் என்று நினைக்கிறேன், ஆகவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

மாணவி சொன்ன இரகசியம் காத்தலும் இதுவும் மோதுவதுபோலத் தெரியும். மோதவில்லை. பேட் கேட்டது, காதல், வீட்டுச் சண்டை, பரீட்சைப் பயம், இவை வெளியே போகக் கூடாது. பிள்ளைக்கு ஆபத்து என்றால் அதைக் காப்பாற்றக்கூடியவருக்கு மட்டும் சொல்ல வேண்டும். இதை வருடத் தொடக்கத்திலேயே வகுப்புக்குச் சொல்லி வையுங்கள்: “நீங்கள் சொல்வதை நான் கதையாகக் கதைக்க மாட்டேன். உங்களுக்கு ஆபத்து என்று தெரிந்தால் உதவக்கூடிய ஒருவருக்குச் சொல்வேன். யாருக்குச் சொல்கிறேன் என்பதை முதலில் உங்களிடம் சொல்வேன்.” பின்னால் ஏமாற்றிவிட்டார் என்ற எண்ணம் வராது.

பிள்ளை சொல்லத் தொடங்கும்போது கதவைப் பூட்டாதீர்கள், ஆட்கள் போகும் வழியில் நிற்கவும் வேண்டாம். கதவு திறந்த, ஆனால் சத்தம் வெளியே கேட்காத இடம் நல்லது. ஆண் ஆசிரியர் என்றால் இது இன்னும் அவசியம். பிள்ளையோடு சமமான உயரத்தில் இருங்கள். குறுக்கே கேள்வி கேட்காதீர்கள். “எப்போது, எத்தனை தடவை, ஏன் அப்பவே சொல்லவில்லை” என்று துருவினால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும், விசாரணைக்கும் கெடுதல். “நீ சொன்னது நல்லது. இதில் உன் பிழை ஒன்றுமில்லை” என்ற இரண்டு வசனமும் போதும். பிள்ளை போன பிறகு அது சொன்ன சொற்களிலேயே எழுதி, திகதி போட்டு வையுங்கள். உங்கள் ஊகத்தை அதில் சேர்க்க வேண்டாம்.

சந்தேகப்படும் ஆளைக் கூப்பிட்டு விசாரிக்கவே கூடாது. பெற்றோரைக் கூப்பிடுவதற்கு முன்னும் யோசிக்க வேண்டும், அந்த ஆள் அதே வீட்டில் இருக்கலாம். அதிபருக்கு அறிவியுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 எண்ணுக்கு எவரும் அழைக்கலாம், ஆசிரியரும் அழைக்கலாம். பாடசாலையின் பெயர் கெடும் என்று அடக்கி வைக்கச் சொல்பவர்கள் இருப்பார்கள். அந்த இடத்தில் ஆசிரியருக்கு வேண்டிய குணம் துணிவுதான், வேறொன்றுமில்லை.

வாழப் பிடிக்கவில்லை என்று சொல்லும் பிள்ளையிடம் “படி, எல்லாம் சரியாகும்” என்று சொல்லாதீர்கள். சாக வேண்டும் என்று நினைக்கிறாயா என்று நேராகவே கேட்கலாம். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்ற பயம் தேவையில்லை. அந்தப் பிள்ளையைத் தனியே வீட்டுக்கு அனுப்பாதீர்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 எண் இரவு பகலாக இயங்குகிறது.

அப்புறம், நீங்கள் ஆலோசகர் இல்லை, குணப்படுத்த வேண்டிய ஆளும் இல்லை. கேட்டு, சரியான கைக்கு மாற்றிவிடுங்கள். மாற்றிவிட்ட பிறகும் அந்தப் பிள்ளையை வகுப்பில் பழையபடி நடத்துங்கள். பாவம் பார்த்துப் பேசினால் மற்றப் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும்.

ஒருகொடவத்தை முச்சக்கரவண்டி அண்ணன்

நான் படித்தது தரம் 9 வரை. பிள்ளைகளை ஸ்கூலுக்கு ஏற்றி இறக்குகிற ஆள்.

பின்னேரம் பெடியன்கள் சந்தியில் பாபுல், மாவா என்று பாக்கும் புகையிலையும் கலந்த மெல்லும் சாமான்களை வாங்கிப் போடுவதை ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன். சீருடையோடு. படிப்பிக்கிறவர்கள் இதைப் பற்றியும் கதைக்க வேண்டும். வெறுமனே புற்றுநோய்ப் படம் காட்டினால் அவன்கள் “அது வயது போனவர்களுக்கு வருவது” என்று சொல்லிச் சிரிக்கிறான்கள். என் காதால் கேட்டது.

ஓய்வுபெற்ற ஆசிரிய ஆலோசகர்

தம்பி, மிகச் சரியான இடத்தைத் தொட்டீர்கள். இலங்கையில் ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தி இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்பதே குற்றம். இவ்வளவையும் பிள்ளைக்குச் சொல்லலாம், சொல்ல வேண்டும். ஆனால் சந்தியில் நண்பன் கையை நீட்டும்போது இதில் ஒன்றும் நினைவுக்கு வராது.

அங்கே வேண்டியது மறுக்கப் பழகியிருப்பது. உலக சுகாதார நிறுவனம் 1990களில் வாழ்க்கைத் திறன்கள் என்று பத்தைச் சொன்னது. தீர்மானம் எடுத்தல், பரிவு, உணர்ச்சியைக் கையாளுதல் எல்லாம் அதில் வரும். அவற்றைக் கரும்பலகையில் எழுதிப் பிரயோசனமில்லை. இரண்டு பெடியன்களை எழுப்பி நடிக்க விடுங்கள். ஒருவன் நீட்ட வேண்டும், கேலி செய்ய வேண்டும், “பயந்தாங்கொள்ளி” என்று சொல்ல வேண்டும். மற்றவன் நட்பு முறியாமல் தப்ப வேண்டும். “ட்ரெய்னிங் இருக்கு மச்சான்” என்று ஒருவன் சொல்வான், “வீட்டில் மணந்து பார்ப்பார்கள்” என்று இன்னொருவன் சொல்வான். எது எடுபடும் என்று வகுப்பே தீர்மானிக்கட்டும். நடிப்பை நடத்தும்போது ஆசிரியர் வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிந்திருக்க வேண்டும். எங்களுக்கு அதுதான் மிகக் கடினம்.

தெகிவளை அப்பா

அப்படியானால் ஆசிரியர் முன்மாதிரியாக இருக்க வேண்டாமா? வெற்றிலை போட்டுக்கொண்டு வருபவர், கேட்டுக்கு வெளியே சிகரெட் பிடிப்பவர் இதைச் சொன்னால் பிள்ளை கேட்குமா?

வார்டு தாதி

சிகரெட், வெற்றிலை விஷயத்தில் சரி. ஆனால் இதை நீட்டிக்கொண்டே போனால் நிறை கூடிய டீச்சர் போசணை படிப்பிக்கக் கூடாது, நீரிழிவு உள்ள சேர் சீனி பற்றிக் கதைக்கக் கூடாது என்று வந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒரு சேர் தனக்கு நீரிழிவு என்பதை வகுப்பில் சொல்லி, ஒருநாள் எல்லோருக்கும் முன்னால் விரலில் குத்திச் சீனி பார்த்தார். அளவு கூடியிருந்தது. நேற்று இரவு என்ன சாப்பிட்டேன் தெரியுமா என்று அதையும் சொன்னார். அந்த வகுப்புப் பிள்ளைகள் சோடா போத்தலில் சீனி அளவைக் காட்டும் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை நிறக் குறியைப் பார்க்காமல் வாங்க மாட்டார்கள். தன் உடம்பைப் பற்றி உண்மை கதைக்கிற ஆசிரியர் போதும், ஆரோக்கியத்தில் குறையே இல்லாதவர் தேவையில்லை.

போசணை என்று வந்ததால் ஒன்று. “காலையில் சாப்பிடாமல் வந்தவர்கள் கையை உயர்த்துங்கள்” என்று வகுப்பில் கேட்காதீர்கள். 2022இல் விலை ஏறியதிலிருந்து பிளேன்டீயோடு வரும் பிள்ளைகள் எத்தனையோ. அந்தப் பிள்ளையிடம் ஆப்பிள், சீஸ் என்று படம் காட்டினால் பாடம் அதற்கு உரியதில்லை என்று நினைத்துவிடும். கௌபி, கடலை, பயறு, நெத்தலிக் கருவாடு, முருங்கை இலை, கங்குன் என்று கதைத்தால் வீட்டுக்குப் போய்க் கேட்க முடியும். கீரையோடு தேசிக்காய் சேர்த்தால் இரும்புச்சத்து கூடுதலாக உடம்பில் சேரும், சாப்பாட்டோடு தேத்தண்ணீர் குடித்தால் குறையும். செலவில்லாத அறிவுரை இப்படித்தான் இருக்க வேண்டும்.

முதலுதவியும் கட்டாயம் பழகுங்கள் மிஸ். வலிப்பு வந்த பிள்ளையின் கையில் இரும்புத் திறப்பைக் கொடுக்க ஓடுகிறவர்கள் ஸ்டாஃப் ரூமிலேயே இருக்கிறார்கள். திறப்பும் வேண்டாம், வாய்க்குள் கரண்டியும் வேண்டாம். சுற்றியுள்ள கதிரைகளை நகர்த்தி, தலைக்குக் கீழே மெதுவான ஒன்றை வைத்து, பக்கவாட்டில் சரித்து, மணிக்கூட்டைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 1990 என்ற அம்புலன்ஸ் எண்ணுக்கு அழையுங்கள். சுட்ட காயத்துக்குப் பற்பசை பூசக் கூடாது, ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் பிடிக்க வேண்டும். மூக்கால் இரத்தம் வந்தால் தலையை முன்னுக்குச் சரித்து மூக்கின் மெதுவான பகுதியை அழுத்திப் பிடிக்க வேண்டும், அண்ணாந்து பார்க்க விடக்கூடாது. செஞ்சிலுவைச் சங்கமும் சென் ஜோன் அம்புலன்சும் கொழும்பிலேயே பயிற்சி தருகிறார்கள்.

கொட்டாஞ்சேனை மிஸ்

எல்லோருக்கும் நன்றி. இன்று அதிபரோடு கதைத்தேன். பூப்படைதல் பாடத்துக்கு முன் பெற்றோருக்குக் கடிதம் அனுப்ப ஒத்துக்கொண்டார். முதல் பாடவேளை தனித்தனி, அடுத்தது ஒன்றாக. எங்கள் பகுதிப் பி.எச்.ஐ.யை நுளம்புப் பாடத்துக்கு அழைக்கவும் அனுமதி தந்தார். கன்டீன் பற்றிக் கதைக்கத் தொடங்கியபோது மட்டும் “அதைப் பிறகு பார்ப்போம்” என்றார். பிறகு மறுபடியும் கேட்பேன். முதலுதவிப் பயிற்சிக்கு நானும் இன்னொரு டீச்சரும் பெயர் கொடுக்கிறோம்.

கேள்விப் பெட்டி ஒன்று வைக்க நினைத்திருக்கிறேன். வகுப்புக்கு வெளியே வைத்தால் யார் போடுகிறார்கள் என்று மற்றவர்கள் பார்ப்பார்கள். எங்கே வைப்பது?

உயர்தர மாணவி

மிஸ், எங்கே வைத்தாலும் பார்ப்பார்கள். எங்கள் டீச்சர் வேறு மாதிரிச் செய்தார். பாடத்தின் கடைசி ஐந்து நிமிடத்தில் எல்லோருக்கும் ஒரே அளவு துண்டுத்தாள் கொடுப்பார். எல்லோரும் ஏதாவது எழுதியே ஆக வேண்டும். கேள்வி இல்லாதவர்கள் ‘இந்த வாரம் கேள்வி இல்லை’ என்று முழு வசனமாக எழுத வேண்டும், அப்போதுதான் எல்லோரும் எழுதிக்கொண்டிருப்பது போலவே இருக்கும். நாலாக மடித்துப் பெட்டியில் போட்டு, பெட்டி கை கையாகச் சுற்றி வரும். எழுத்தை வைத்துக் கண்டுபிடிப்பார்களோ என்று பயப்படுகிறவர்கள் அச்சு எழுத்துப்போலத் தனித்தனியாக எழுதலாம் என்றும் சொல்லியிருந்தார். வாசித்த துண்டுகளை அவர் வகுப்பில் விட்டுப் போக மாட்டார், எங்களுக்கு முன்னாலேயே கிழித்துவிடுவார்.